டிவியில் உடம்பு, வசவு, நிறம்: வேலூர்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர்ப் பக்கம் வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகள் நிறைய. நர்சிங் முடித்து இங்கிலாந்து போன மகள், காட்பாடியில் இன்ஜினீயரிங் படித்து அமெரிக்கா போன மகன். பிரசவத்துக்குத் துணையாகவோ பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவோ இங்கிருந்து போகிற பெற்றோர், அங்கே டிவியைப் போட்டதும் திகைத்துப் போகிறார்கள். இந்தக் கேள்விகளில் பாதி, அவர்கள் திரும்பி வந்து கேட்பவை. மீதி, ஓடிடி வந்த பிறகு சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் குடியாத்தத்திலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்க்க முடியாமல் தவிக்கிறவர்கள் கேட்பவை. பள்ளியில் பெற்றோர் கூட்டங்களை நடத்துகிறவள் என்பதால் இவை என்னிடம் வந்து சேர்ந்தன. பதில்களில் தகவலோடு என் கருத்தும் கலந்திருக்கும்.

மகள் வீட்டுக்கு பர்மிங்ஹாம் போயிருந்தோம். இரவு ஒன்பதரைக்கு, சாதாரண சேனலிலேயே துணியில்லாத உடம்பைக் காட்டுகிறார்கள். அந்த நாட்டில் கேட்பாரே இல்லையா?

இருக்கிறார்கள். ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அங்கே மிகவும் கண்டிப்பானது. ஆனால் அதன் கண்டிப்பு கடிகாரத்தை ஒட்டியது. காலை 5.30 முதல் இரவு 9 வரை பிள்ளைகளுக்கு ஒவ்வாததைக் காட்டக் கூடாது. 9 மணிக்கு மேல் பெரியவர்களின் நேரம். அப்போதும் 9 அடித்தவுடன் சட்டென்று எல்லை தாண்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அதன் பிறகு பிள்ளை பார்த்தால் அது பெற்றோர் பொறுப்பு.

இதைப் புரிந்துகொள்ள அந்த வீட்டின் வாழ்க்கைமுறையைப் பார்க்க வேண்டும். அங்கே சின்னப் பிள்ளைகள் ஏழரை, எட்டுக்கெல்லாம் தங்கள் அறையில் படுத்துவிடுகிறார்கள். நம் வீட்டில் ஒன்பது மணி என்பது எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி சீரியல் பார்க்கும் நேரம். அந்த நாட்டு விதியை நம் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்தால் அது அநியாயமாகத்தான் தெரியும்.

அப்படியானால் அமெரிக்கா இன்னும் மோசமாக இருக்குமே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உடம்பு விஷயத்தில் அமெரிக்கப் பொது ஒளிபரப்பு பிரிட்டனைவிடக் கெடுபிடியானது.

2004 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில், பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தெரிந்தது. நாடே கொந்தளித்தது. எஃப்சிசி என்ற ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 5 லட்சத்துக்கும் மேல் புகார்கள் குவிந்தன. அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனத்துக்கு 5,50,000 டாலர் அபராதம் போட்டார்கள். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது. இதற்கிடையில் 2006இல் சட்டத்தையே திருத்தி, ஒரு மீறலுக்கான அதிகபட்ச அபராதத்தை 3,25,000 டாலராக உயர்த்திவிட்டார்கள்.

அதே 2004 நவம்பரில், இரண்டாம் உலகப் போர் பற்றிய ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தை ஏபிசி என்ற சேனல் ஒளிபரப்பியபோது, அதன் இணைப்பு நிலையங்களில் அறுபதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கிக்கொண்டன. படத்தில் குடல் சரிகிறது, கை கால் சிதறுகிறது. அதற்காக அவர்கள் பயப்படவில்லை. சிப்பாய்கள் பேசும் கெட்ட வார்த்தைக்கு அபராதம் வந்துவிடுமோ என்றுதான் பயந்தார்கள்.

1997இல் நடந்தது என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. யூதப் படுகொலை பற்றிய ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தை என்பிசி சேனல் கிட்டத்தட்ட வெட்டாமலே ஒளிபரப்பியது. நாஜி முகாமில் மனிதர்களை ஆடை களைந்து ஓடவிடும் காட்சி அதில் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் நிர்வாணமும் கெட்ட வார்த்தையும் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் வந்துவிட்டதாகக் கண்டித்தார். அவர் கட்சிக்காரர்களே அவர் மேல் பாய்ந்தார்கள், பிறகு மன்னிப்புக் கேட்டார். ஓர் இனத்தையே அழிக்க நடந்த கொடுமையைப் பார்த்துவிட்டு, உடம்பு தெரிந்ததைப் பற்றி ஒருவரால் பேச முடிகிறது. இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற காரியமில்லை.

இந்த விதிகள் அலைவரிசையில் இலவசமாக வரும் சேனல்களுக்குத்தான், அதுவும் காலை 6 முதல் இரவு 10 வரை. காசு கட்டிப் பார்க்கும் கேபிள் சேனல்களுக்கு அவை பொருந்தாது. நம் பிள்ளைகள் ஓடிடியில் பார்க்கும் அமெரிக்கத் தொடர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையிலிருந்து வருகின்றன. அதனால்தான் அந்த நாடே அப்படி என்று தோன்றுகிறது.

ஜெர்மனி?

உடம்பைப் பற்றி அலட்டிக்கொள்ளாத நாடு. ஆணும் பெண்ணும் ஆடையில்லாமல் ஒன்றாக வியர்வைக் குளியல் எடுப்பது அங்கே சாதாரண வழக்கம், டிவியும் அதை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் நாஜி சின்னத்தையும் வணக்கத்தையும் கலை, கல்வி போன்ற காரணமில்லாமல் காட்டினால் குற்றவியல் சட்டமே பாயும். அவர்களுக்கு எது அவமானம் என்பதை அவர்களுடைய வரலாறு முடிவு செய்திருக்கிறது.

நம் நாட்டில் டிவிக்கு சென்சார் உண்டா? சினிமாவுக்கு இருப்பது போல?

சீரியலை ஒளிபரப்புக்கு முன்பே பார்த்துச் சான்று தரும் வாரியம் கிடையாது. 1995ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டமும் அதன் விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறையும்தான் அடிப்படை. கண்ணியக் குறைவு, ஆபாசம், மதங்களையும் சமூகங்களையும் தாக்குவது, பெண்களை இழிவுபடுத்துவது எல்லாம் கூடாது. ‘ஏ’ சான்று பெற்ற படத்தை நள்ளிரவில்கூடப் போட முடியாது. வெட்டி, ‘யு/ஏ’வாக மறுசான்று வாங்கித்தான் டிவிக்குக் கொண்டுவருகிறார்கள். 2007இல் ஏஎக்ஸ்என், எஃப்டிவி ஆகிய இரண்டு சேனல்களையும் தலா இரண்டு மாதம் நிறுத்த மத்திய அரசு உத்தரவிட்டது. இரண்டுமே உடம்பைக் காட்டியதற்காக.

2011இல் சேனல்கள் தாங்களே வகுத்துக்கொண்ட நெறிமுறையில் இரவு 11 முதல் காலை 5 வரை பெரியவர்களுக்கான நேரம் என்று ஒன்று உண்டு. நடைமுறையில் அதை யாரும் உணர்வதில்லை. காரணம் நம் வீடுகளின் அமைப்பு. 2006க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி எத்தனையோ ஒற்றை அறை வீடுகளுக்குள் வந்தது. ஆயா முதல் கைக்குழந்தை வரை ஒரே அறையில் படுத்திருக்கும்போது பெரியவர் நேரம், பிள்ளைகள் நேரம் என்று எப்படிப் பிரிப்பது?

திருமலையில் சமணச் சிலை ஆடையில்லாமல்தான் நிற்கிறது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைச் சொல்லவே வேண்டாம். கோயிலில் வராத கூச்சம் டிவியில் ஏன்?

நல்ல கேள்வி. போளூர் பக்கத்துத் திருமலை பழைய வட ஆர்க்காட்டின் பெருமைகளில் ஒன்று. மலைப்பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரம், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பள்ளிப் பிள்ளைகளை வேன் வைத்து அழைத்துப் போகிறோம், யாரும் கண்ணைப் பொத்துவதில்லை. அந்த உடம்பு துறவைச் சொல்கிறது என்பது பார்க்கிறவருக்கு விளங்கிவிடுகிறது. நிர்வாணம் எதற்காக வருகிறது, யார் யாரை எப்படிப் பார்க்கச் சொல்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நம் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கிறது. ஜெர்மன் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர், தான் மணக்கவிருந்த கருநிறப் பெண்ணோடு ஆடையின்றி நின்ற படம் ஒன்று 1993இல் கொல்கத்தாவில் மறுபிரசுரமானது. எடுத்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. நிறவெறிக்கு எதிராக எடுத்த படம். ஆபாச வழக்கு போட்டார்கள். 2014இல் தீர்ப்பு வந்தது: வெறும் நிர்வாணம் மட்டுமே ஆபாசம் ஆகாது, படம் சொல்ல வரும் செய்தியையும் இன்றைய சமூகத்தின் அளவுகோலையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று.

அதற்கு முன்பே, 1996இல், பூலான் தேவியின் வாழ்க்கையைச் சொன்ன ‘பாண்டிட் குவீன்’ வழக்கில் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். ஆதிக்கச் சாதியினர் ஒரு பெண்ணை ஊர் நடுவில் நிர்வாணமாக நடக்கவைத்த காட்சி அது. பார்ப்பவருக்கு ஆசை வராது, அருவருப்பும் இரக்கமும்தான் வரும் என்றது நீதிமன்றம்.

துகிலுரிதல் நம் மண்ணுக்குத் தெரியாத கதையா? திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில், துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறார். கூட்டம் கைகூப்பி நிற்கிறது. ஒரு பெண்ணின் மானத்தைக் குலைக்கும் காட்சியை எவ்வளவு பொறுப்போடு காட்ட வேண்டும் என்பது எழுதப்படிக்கத் தெரியாத கூத்துக்காரருக்கும் தெரிந்திருந்தது. சேலை விலகாமலே ஒரு பெண்ணை இழிவுபடுத்தும் நெருக்கக் காட்சிகள் எத்தனை நம் பாட்டுகளில் வருகின்றன! அவை ‘யு’ சான்றோடு பட்டப்பகலில் ஓடுகின்றன. என் கோபம் அங்கேதான்.

கூத்தில் கட்டியக்காரன் பேசாத பச்சையா? அதையெல்லாம் குடும்பத்தோடுதானே பார்த்தோம்?

ஆமாம், பார்த்தோம். செய்யாறு பக்கத்துப் புரிசையிலிருந்து குடியாத்தம் வரை, கட்டியக்காரன் இரட்டை அர்த்தம் பேசாத கூத்து இல்லை. ராஜாவையும் கிண்டல் செய்வான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் விடமாட்டான். ஆனால் கூட்டம் அவன் கண் முன்னால் இருந்தது. முகம் சுளித்தால் அடுத்த வரியில் பேச்சை மாற்றிக்கொள்வான். எல்லை மீறினால் ஊர் தட்டிக் கேட்கும். டிவிக்கு அந்த முகம் தெரியாது. எதிரில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறதா, ஐம்பது வயதுக்காரர் இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாததால்தான் கடிகாரமும் மியூட்டும் வேண்டியிருக்கிறது.

எது கெட்ட வார்த்தை என்று யார் முடிவு செய்கிறார்கள்?

அந்தந்த ஊரின் பயம்தான் முடிவு செய்கிறது. கனடாவின் கியூபெக்கில் கடுமையான வசவுகள் சர்ச்சிலிருந்து வந்தவை, பலிபீடத்துப் பாத்திரங்களின் பெயர்கள். பல நூறு ஆண்டுகள் அங்கே சர்ச்சின் பிடி அப்படி. 2006இல் ஆஸ்திரேலியச் சுற்றுலாத் துறையின் விளம்பரத்தில் ‘பிளடி’ என்ற சொல் வந்ததற்காக பிரிட்டிஷ் டிவியில் முதலில் தடை போட்டு, பிறகு விலக்கினார்கள். ஆஸ்திரேலியருக்கு அது அன்றாடப் பேச்சு. நம் வசவுகள் அம்மாவையும் அக்காவையும் சுற்றித்தான் வரும்.

இதில் பிரிட்டனில் நடந்திருக்கும் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். ஆஃப்காம் அவ்வப்போது மக்களிடமே கருத்துக் கேட்கிறது. 2016 ஆய்வில், பாலுறவைக் குறிக்கும் பழைய கெட்ட வார்த்தைகளைவிட இனம், உடல் ஊனம் போன்றவற்றைச் சொல்லி இழிவுபடுத்தும் வார்த்தைகளே பலரையும் அதிகம் உறுத்துவதாகத் தெரிந்தது. இரண்டு தலைமுறைக்கு முன்பு நிலைமை வேறு. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கருப்புச் சாயம் பூசி ஆடிப் பாடும் நிகழ்ச்சியை பிபிசி 1958 முதல் 1978 வரை நடத்தியது. 1965இல் ஒரு விமர்சகர் நேரலையில் ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னதற்கு நாடாளுமன்றம் வரை கலவரம். இரண்டும் ஒரே சேனல், ஒரே காலம்.

நம் சேனல்களில் எந்த வார்த்தைக்கு மியூட் வருகிறது, எதற்கு வருவதில்லை?

ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பாருங்கள். அம்மாவை இழுக்கும் வசவுக்கு மியூட் உண்டு. சில ஆங்கில சேனல்கள் சப்டைட்டிலில் மாட்டிறைச்சி என்ற சொல்லைக்கூட அழித்துவிடுகின்றன. ஆனால் ‘கருவாயா’ என்று நகைச்சுவை நடிகரைக் கூப்பிடும் வசனத்துக்கு மியூட் இல்லை. குண்டானவரை, திக்கிப் பேசுபவரை, திருநங்கையைக் கேலி செய்தால் இல்லை. ஒரு சாதியின் பெயரையோ தொழிலையோ திட்டாகப் பயன்படுத்தும் வசனங்களும் பழைய படங்களில் அப்படியே வருகின்றன. ‘கீழ்ச்சாதிப் புத்தி’ என்ற தொனியில் மாமியார் பேசும் சீரியல் வசனம் சாப்பாட்டு நேரத்தில் ஓடுகிறது. கதாநாயகன் கதாநாயகியை அறைந்தால் பின்னணி இசை உயர்கிறது.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுமக்கள் பார்வைபடும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். கேபிள் டிவி நெறிமுறையிலும் இனக்குழுக்களையும் மொழி, வட்டார மக்களையும் ஏளனமாகக் காட்டக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. எழுத்தில் குறை இல்லை. நம் காதுக்கு அது கெட்ட வார்த்தையாகக் கேட்கவில்லை என்பதுதான் குறை. இந்த மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் அம்பேத்கர் பெயரையே வைத்திருந்தோம். வட ஆர்க்காட்டை 1989இல் பிரித்தபோது வேலூர்ப் பகுதி வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. இங்குள்ள வீடுகளில் அந்த வசனம் கேட்டு ஒரு பிள்ளையாவது திரும்பி அப்பா அம்மாவைக் கேள்வி கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வில்லன் கெட்டவன் என்று காட்டத்தானே அப்படிப் பேச வைக்கிறார்கள்? அதையும் தடுத்தால் கதை எப்படி எழுதுவது?

தடுக்கச் சொல்லவில்லை. சாதி வெறியைக் காட்டாமல் அதை எதிர்த்துக் கதை எழுத முடியாது. ஆனால் காட்டுவது வேறு, ரசிக்க வைப்பது வேறு. 1971இல் அமெரிக்காவின் சிபிஎஸ், நிறவெறி பிடித்த ஒரு குடும்பத் தலைவரைக் கேலி செய்யும் ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடரைத் தொடங்கியது. அவரைப் பார்த்து மக்கள் வெட்கப்படுவார்கள் என்பது எண்ணம். 1974இல் வெளியான ஆய்வில் தெரிந்தது என்னவென்றால், ஏற்கெனவே வெறுப்பு உள்ளவர்கள் அவர் சொல்வதுதான் சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் இப்படி ஒரு காட்சி வந்தால் வீட்டில் யாராவது ஒருவர் வாய் திறந்து நாலு வார்த்தை பேச வேண்டும். பேசாமல் விட்டால் பிள்ளை எந்தப் பக்கம் தலையாட்டுகிறது என்பது நமக்குத் தெரியாது.

முகத்தில் கருப்புப் பூசிக்கொண்டு நடிப்பதில் என்ன தப்பு? வேஷம்தானே?

வேஷம் யாருடையது, சிரிப்பது யார் என்று பாருங்கள். அடிமைகளாக இருந்தவர்களைக் கோமாளிகளாகக் காட்டி வெள்ளையர்கள் காசு பார்த்த மேடை வழக்கம் அது. அமெரிக்கர்களுக்கு அந்தச் சாயம் அந்த வரலாற்றோடுதான் ஞாபகம் வரும். 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் ஒரு நிகழ்ச்சியில் மைக்கேல் ஜாக்சன் குழுவைப் போல முகத்தில் கருப்புப் பூசி ஆடினார்கள். இருபது ஆண்டுக்கு முன் அதே நிகழ்ச்சியில் ஆடி கைத்தட்டு வாங்கிய ஆட்டம். நடுவராக வந்திருந்த அமெரிக்கப் பாடகர் ஹாரி கானிக் ஜூனியர் அங்கேயே கண்டித்தார், நடத்துநர் நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டார். ஜப்பானிலும் 2017 ஆண்டுக் கடைசி நிகழ்ச்சி ஒன்றில் இப்படிச் செய்து உலகம் முழுக்கக் கண்டனம் வாங்கினார்கள். அங்கே பலருக்கு அது ஏன் தப்பு என்றே விளங்கவில்லை.

நம் சீரியல்களுக்கும் சினிமாவுக்கும் வருவோம். கருப்பான பெண் பாத்திரத்துக்கு வெளுத்த நடிகையைப் பிடித்து மேக்கப்பில் கருப்பாக்குகிறார்கள். கருப்பாகவே பிறந்த ஆயிரம் பெண்கள் இந்த ஊரில் நடிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. கருப்பு தோல் குறைபாடு என்பதுபோல விளம்பரம் செய்யக் கூடாது என்று விளம்பரத் துறையின் அமைப்பான ஆஸ்கி 2014இல் விதி வைத்தது. 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி 2020இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது.

நிறவெறி வெள்ளைக்காரர்களின் பிரச்சினை இல்லையா? வேலூருக்கு என்ன சம்பந்தம்?

2007 ஜனவரியில் பிரிட்டனின் சேனல் 4 நடத்திய செலிப்ரிட்டி பிக் பிரதரில் ஷில்பா ஷெட்டியை உடன் இருந்தவர்கள் கேவலப்படுத்தியபோது 44,000க்கும் மேல் புகார்கள் குவிந்தன. இந்தியா முழுக்கக் கொதித்தோம். கொதித்தது நியாயம்.

இப்போது ஆற்காடு சாலையில் நடந்து பாருங்கள். சிஎம்சிக்கு வைத்தியம் பார்க்க வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், மணிப்பூர், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்து லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். விஐடியில் வடகிழக்குப் பிள்ளைகளும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? ஆட்டோ ஸ்டாண்டில் காதில் விழும் சொற்களை இங்கே எழுத மாட்டேன். அவற்றில் பலவும் படக் காமெடியிலிருந்து வந்தவை. சின்னக் கண்ணும் சப்பை மூக்கும் திரையில் வந்தாலே சிரிப்பு என்று பழக்கியிருக்கிறார்கள். 2014இல் தில்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்த பிறகு, மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்து, வடகிழக்கு மக்கள் வெளி மாநிலங்களில் படும் பாட்டைப் பற்றி ஆராயச் சொன்னது. கீமோ எடுத்துக்கொண்டு லாட்ஜ் வரவேற்பறையில் டிவி பார்க்கும் ஒருவர், தன் முகத்தைப் போன்ற முகத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பதைப் பார்க்க நேர்கிறது. நம் ஊருக்கு வந்த விருந்தாளி அவர்.

வீட்டில் என்ன செய்யலாம்? பூட்டு ஏதாவது உண்டா?

உண்டு. செட்டாப் பாக்ஸ் மெனுவில் பேரன்டல் லாக் இருக்கும், பின் நம்பர் போட்டு சேனலை அடைக்கலாம். கம்பெனி கொடுத்த பின்னை மாற்றிவிடுங்கள், பிள்ளைகளுக்கு அது தெரியும். ஓடிடியில் 2021 விதிகளின்படி யு, 7+, 13+, 16+, ஏ என்று வயது வகை போட வேண்டும். பிள்ளைக்குத் தனி புரொஃபைல் வைத்து, உங்கள் புரொஃபைலுக்கு பின் போடுங்கள். சாதி ஏளனத்துக்கும் நிறக் கேலிக்கும் மட்டும் எந்தப் பூட்டும் இல்லை. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி.

புகார் கொடுத்தால் யாராவது கேட்பார்களா?

முறைப்படி கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். முதலில் சேனலின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்குத் தகவல், 15 நாளில் முடிவு தர வேண்டும் என்பது 2021இல் வந்த விதி. திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல் சேர்ந்திருக்கும் சுயஒழுங்கு அமைப்புக்குப் போகலாம். பொழுதுபோக்கு சேனல்கள் பலவற்றுக்கு அது பிசிசிசி என்ற ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம். அதற்கு மேல் மத்திய அரசு. உள்ளூர்க் கேபிளில் நேரடியாக ஓடும் நிகழ்ச்சி என்றால், கேபிள் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு.

எழுதும்போது சேனல் பெயர், நிகழ்ச்சி, தேதி, நேரம், என்ன வசனம் அல்லது காட்சி, நெறிமுறையின் எந்தப் பகுதியை மீறுகிறது என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். தமிழிலேயே எழுதலாம். முடிந்தால் தெருவில் இன்னும் நாலு வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வசனம் யாரைக் குத்துகிறதோ அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கையெழுத்தாவது இருக்கட்டும், அவர்களைக் கேட்டுவிட்டு.